ஹியூ லேன் கேலரியில் ஷான் ஸ்கல்லி அறை

டப்ளின் பார்னெல் சதுக்கத்தில் இருக்கும் ஹியூ லேன் கேலரிக்குப் பலரும் ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் ஸ்டுடியோவைப் பார்க்கத்தான் போவார்கள். லண்டனிலிருந்து குப்பையும் தூசியுமாக அப்படியே பெயர்த்து வந்தது, பார்க்க வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது என்னவோ, வண்ணப் பட்டைகளாகவே வரையும் ஓவியர் ஷான் ஸ்கல்லிக்கென்றே ஒதுக்கிய அறை.

1945இல் டப்ளினில் பிறந்து, லண்டனில் வளர்ந்து, 1975இல் நியூயார்க் போனவர். மொராக்கோவில் பார்த்த கோடு போட்ட துணிகள், ஓவியர்கள் ராத்கோவின் வண்ணம், மோன்ட்ரியானின் கட்டம் எல்லாம் இவர் கையில் வேறொன்றாகிவிட்டன. அச்சில் பார்த்தால் ‘வெறும் பட்டைதானே’ என்று தோன்றும். கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு பட்டைகள் சேருமிடத்தில் விளிம்பு நேராக இல்லை. மேல் வண்ணத்துக்கு அடியிலிருந்து இன்னொரு வண்ணம் எட்டிப் பார்க்கிறது. அகலத் தூரிகையை இழுத்த தடம்கூடத் தெரியும். ஆரம்பத்தில் டேப் ஒட்டிக் கச்சிதமாகக் கோடு போட்டவர், அதை விட்டது நல்லதாகப் போயிற்று.

அவருடைய ‘ஒளிச்சுவர்’ (Wall of Light) ஓவிய வரிசைக்கு வித்து மெக்சிகோவின் பழைய கற்சுவர்கள். எனக்கோ அவரே புகைப்படமெடுத்த, அயர்லாந்தின் மேற்குக் கரையோரத்து ஆரன் தீவுகளின் சாந்தில்லாத கல்சுவர்கள்தான் நினைவுக்கு வந்தன.

அனுமதி இலவசம். புதுப்பிக்கும் வேலைக்காக 2025 செப்டம்பரில் கேலரியை மூடினார்கள், அதனால் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், பேக்கனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் களேபரத்தைப் பார்த்த கண்ணோடு இங்கே வந்தால் ஒன்றும் பிடிபடாது.