கட்டுகஸ்தோட்டை புது தொடர்மாடி: உள்ள அழகு, பின்பக்கம் பயம்
கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில பழைய வீடுகள இடிச்சிட்டு புதுசா எழும்பியிருக்கிற தொடர்மாடில ஒரு வீடு பாக்க குடும்பமா போனோம். உள்ள நல்ல வெளிச்சம், டைல்ஸ் வேலையும் சுத்தம்.

ஆனா பின்பக்கம் மலைய நேர் குத்தா வெட்டி வச்சிருக்காங்க, மண்ணு சரியாம தாங்குற ரிட்டெய்னிங் வோல் கட்டியிருக்கு சரி, அதுல தண்ணி வெளிய வர ஒரு ஓட்டைகூட கண்ணுல படல, அடமழை பேஞ்சா மண்ணு ஊறி அந்த பாரம் முழுக்க சுவத்துமேலதான் விழும், மேல இருந்து தண்ணி வர்ற கானையும் பாதில விட்டிருக்காங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட மண்சரிவு அறிக்கைய காட்டுங்கனு கேட்டா "பிறகு அனுப்புறோம் அண்ணே"ங்கிறாரு சேல்ஸ் தம்பி. கண்டி மாதிரி ஊர்ல அதத்தானே முதல்ல காட்டணும்?

5க்கு 2 ஸ்டார். அந்த பேப்பர் கைக்கு வராம அட்வான்ஸ் மட்டும் கட்டிறாதீங்க.