சோங்-குல் குதிரைப் பயணம்: ‘நம்ம ஊர்’ ஏஜென்ட்டிடம் முன்பணம் கட்டப் போகிறீர்களா?

கிர்கிஸ்தானில் சோங்-குல் ஏரிக்குக் குதிரையில் போகலாம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. அதிலும், இன்ஸ்டாகிராமில் தமிழில் பேசி பேக்கேஜ் விற்கிறவரிடம் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் படியுங்கள். அந்த ஏரியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 3,016 மீட்டர் உயரத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத புல்வெளி. கோடையில் ஆடு, மாடு, குதிரைகளோடு மேலேறி வந்து யுர்ட் என்கிற வட்டமான கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்கும் மேய்ச்சல் குடும்பங்கள். எல்லாம் சொன்னபடியே இருந்தது. சொன்னபடி இல்லாதது நாங்கள் காசு கொடுத்த பயணம் மட்டும்தான்.

தலைநகர் பிஷ்கேக்கில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. என் மச்சினன் மகளும் அங்கே படிக்கிறாள். நான், என் மனைவி, மச்சினன், அவன் மனைவி என்று நான்கு பேர் கிளம்பினோம். ஏஜென்ட் போனில் அவ்வளவு குழைவு. “அண்ணா, நம்ம ஆளுங்களுக்கு நானே கூட வந்து பார்த்துக்குவேன். அண்ணிக்குச் சாதுவான குதிரையா எடுத்துத் தர்றேன்” என்றார். தலைக்கு 32,000 ரூபாய், எல்லாம் அடக்கம். பாதிப் பணம் யூபிஐயில் சென்னையில் இருக்கும் ஒருவர் கணக்குக்கு, மீதி பிஷ்கேக்கில் ரொக்கமாக.

வாட்ஸ்அப்பில் அவர் எழுதித் தந்த திட்டம் ஊரறிந்த நல்ல வழிதான். கோச்கோர் என்கிற ஊரைத் தாண்டி கிசார்ட் கிராமம் வரை கார். அங்கிருந்து முதல் நாள் குதிரையில் கிலெம்சே மேய்ச்சல் நிலம், இரவு அங்கே. மறுநாள் ஜல்கிஸ்-கராகாய் கணவாய் ஏறி ஏரி. மூன்றாம் நாள் வேறு வழியில் இறங்கித் திரும்புவது. ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி, ஹெல்மெட், இன்ஷூரன்ஸ், எங்களுக்கென்று தனி யுர்ட்.

கிளம்புகிற அன்று காலையில் அவருக்கு ‘திடீர் வேலை’. டிரைவர் மட்டும் வந்தார், நாலு வார்த்தை ஆங்கிலத்தோடு. கிசார்ட் பக்கமே கார் போகவில்லை. கோச்கோரிலிருந்து நேராக மலைச்சாலையில் ஏற்றி, 3,400 மீட்டருக்கு மேலிருக்கும் கணவாயைத் தாண்டி, சாயங்காலமே ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், “குதிரை ரெடியாகலண்ணா, நாளைக்கு டபுளா ஓட்டிக்கலாம்” என்கிறார். அப்புறம் சிக்னலும் இல்லை.

ஒரு நாள் குதிரைச் சவாரி போனது மட்டும் இல்லை இதில் நஷ்டம். பிஷ்கேக் சுமார் 800 மீட்டரில் இருக்கிறது. கிலெம்சே மேய்ச்சல் நிலம் ஏரியைவிடத் தாழ்வு. முதல் இரவு அங்கே தங்கினால் உடம்பு கொஞ்சமாவது பழகும். ஒரே பகலில் காரில் ஏற்றி 3,000 மீட்டரில் படுக்கவைத்தால் என்ன ஆகும்? என் மனைவிக்கு இரவெல்லாம் தலைவலி, இரண்டு முறை வாந்தி. ‘தனி யுர்ட்’டில் எங்களோடு இன்னொரு குழுவும் படுத்திருந்தது. சாண அடுப்பு நடுராத்திரியில் அணைந்துவிட்டது. ஜூலை மாதம்தான், ஆனால் காலையில் வாளித் தண்ணீர் மேல் மெல்லிய பனிக்கட்டி.

விடிந்ததும் குதிரைகள் வந்தன. கூட வந்த ‘ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி’ பள்ளி விடுமுறையில் இருந்த ஒரு பையன். பதினைந்து வயது இருந்தால் அதிகம். நல்ல பையன், குதிரை மேல் பிறந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆனால் நான்கு கற்றுக்குட்டிகளை ஒற்றை ஆளாகக் கணவாய் தாண்டிக் கூட்டிப்போகிற வேலை அவனுடையது இல்லை. ஹெல்மெட் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

என் குதிரை சேணத்தைப் பார்த்தாலே காதைப் பின்னால் மடித்துக்கொண்டது. சேணத்துக்கு அடியில் போட்டிருந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. கம்பளியின் அடிப்பக்கத்தில் முடியும் சீழும் ஒட்டியிருந்தன. ஈ மொய்க்க ஆரம்பித்ததும் பையன் அவசரமாக மூடினான். அதில் ஏற மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் கழித்து வேறொரு குதிரை வந்தது.

மச்சினன் குதிரையில் வேறு கோளாறு. வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற வார் ஒரு பக்கம் அறுந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆலங்கட்டி மழை பிடித்து, சரிவில் இறங்கும்போது முடிச்சு நழுவியது. சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்று, ஆள் கல் மேல் விழுந்தான். கால், மிதித்து ஏறும் அங்கவடியில் மாட்டாமல் வெளியே வந்தது அவன் அதிர்ஷ்டம். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பையன் பதறிப்போய்த் தன் மேல்கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டு, உதவிக்கு ஆள் கூட்டிவர ஓடினான்.

கீழே இறங்கக் கார் எடுக்கும் முன் டிரைவர் ‘பெட்ரோல் காசு’ என்று கை நீட்டினார். கொடுத்துத்தான் இறங்கினோம். இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கேட்டதற்கு ஏஜென்ட்டிடமிருந்து இன்று வரை பதில் இல்லை. நாங்கள் ஊரில் எடுத்திருந்த டிராவல் பாலிசியில் குதிரைச் சவாரி விலக்குப் பட்டியலில் இருந்தது. உங்கள் பாலிசியையும் இப்போதே எடுத்துப் பாருங்கள், உயர வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து.

உண்மை வெளியே வந்தது குதிரைக்காரர் மூலம்தான். போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியை வைத்து அவரிடம் பேசினோம். ஏஜென்ட் அவரிடம் சொல்லியிருந்தது ‘ஏரிக்கரையில் இரண்டு மணி நேரச் சவாரி’. நல்ல குதிரைகளை அவர் வேறு குழுவுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் கொடுத்ததில் கால் பங்குகூட அவருக்குப் போகவில்லை. புண்ணான குதிரையை அனுப்பியதற்கு அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கணவாய்ப் பயணத்துக்கு என்று சொல்லி அவரிடம் யாரும் குதிரை கேட்கவே இல்லை.

போகிறவர்கள் கோச்கோர் வரை நீங்களே போய்விடுங்கள். பிஷ்கேக்கிலிருந்து ஷேர் டாக்சியும் மினிபஸ்ஸும் உண்டு. குதிரை வைத்திருப்பவரோடு நேரடியாக ஏற்பாடு செய்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ‘மூன்று நாள் பயணம்’ என்று மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். எந்தக் கணவாய், முதல் இரவு எங்கே, தினம் எத்தனை மணி நேரம் குதிரை மேல் என்று எழுத்தில் வாங்குங்கள். மே மாதமும் அக்டோபரிலும்கூட யுர்ட்டில் தங்கவைக்கிறேன் என்று இந்த ஏஜென்ட் விளம்பரம் போடுகிறார். குடும்பங்கள் மேலே ஏறுவதே ஜூனில்தான், செப்டம்பரில் இறங்கிவிடுவார்கள்.

ஏறும் முன் கம்பளியைத் தூக்கிப் பாருங்கள். முதுகை அழுத்தித் தடவினால் குதிரை நெளிகிறதா என்று கவனியுங்கள். அங்கங்கே வெள்ளை முடி இருந்தால் அது பழைய சேணப் புண் ஆறிய தடமாக இருக்கலாம். வாரை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள், முதலில் வார் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு நின்றிருக்கும். கயிறு முடிச்சைக் கண்டால் வேறு சேணம் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

பணம் திரும்பவில்லை. யூபிஐயில் நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். “போட்ட பேக்கேஜ் கொடுத்தாச்சு, விழுந்தது அவர் தப்பு” என்று கடைசியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அதோடு எங்கள் நான்கு எண்களையும் பிளாக் செய்துவிட்டார். பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டு இந்த சீசனுக்கும் புக்கிங் எடுக்கிறார். கிலெம்சே, ஜல்கிஸ்-கராகாய் என்று அதே திட்டத்தைத் தமிழில் அனுப்பி, சென்னைக் கணக்குக்குப் பாதிப் பணம் கேட்டால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். என் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.