ஹோய் ஆனில் கோட்டு தைக்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

2025 மே மாதம் திருச்சியில் அக்கா மகள் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளைக்கு மாலை போட என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். வலது அக்குளில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் இவர் கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு காவல்காரர் மாதிரி நிற்பார். தைத்து வாங்கி இரண்டே மாதம் ஆன கோட்டு அது. அன்றுதான் முதல் தடவையாகப் போட்டார்.

வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊரில் தைத்தது. டா நாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். து போன் ஆற்றங்கரையில் பழைய துறைமுக ஊர், 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மஞ்சள் சுவர் வீடுகள், ராத்திரியானால் தெரு முழுக்கப் பட்டு விளக்குகள். அதைவிட முக்கியம், அங்கே தெருவுக்குத் தெரு தையல்கடை. அளவு கொடுத்தால் மறுநாளே கோட்டு ரெடி.

2018இல் முதல் தடவை போனபோது ஒரு வயதான அம்மாவின் கடையில் இவருக்கு ஒரு கோட்டு தைத்தோம். மூன்று தடவை டிரையல் பார்த்தார். எங்களுக்குத் திருப்திதான், ஆனால் தோளில் ஒரு சின்னச் சுருக்கம் விழுகிறது என்று அவரே கோட்டைத் தர மறுத்து, ராத்திரி பிரித்துத் தைத்து, காலையில் ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்த நினைப்பிலேயே ஏழு வருடம் ஹோய் ஆன், ஹோய் ஆன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கோட்டு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இவர் வயிறுதான் இடம் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் புதிதாக ஒன்று அதே அம்மாவிடம் தைக்கலாம் என்று 2025 மார்ச்சில் மறுபடியும் கிளம்பினோம்.

கடை இருந்த இடத்தில் காபிக் கடை. நாங்கள் பழைய பில்லின் போட்டோவை போனில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் இங்கிலீஷில் அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். போட்டோவைக் காட்டினோம். "அட, இது என் சித்தி கடை. இடம் மாறிவிட்டது, வாங்க" என்றார். நாங்கள் ஏமாந்த இடம் இதுதான். முன்பின் தெரியாத ஊராக இருந்திருந்தால் நாலு கடை ஏறி இறங்கியிருப்போம். இது 'நம்ம ஊர்' என்று நினைத்துவிட்டோம்.

கூட்டிப்போன கடையில் அதே பெயர்ப் பலகை. சித்தி எங்கே என்றால், உடம்பு சரியில்லை, கிராமத்தில் இருக்கிறார் என்றார்கள். சரி என்று இவருக்குக் கோட்டு சூட்டும், எனக்குப் பட்டில் அவோ யாய் என்கிற அவர்கள் ஊர் நீள உடுப்பும் சொன்னோம். மொத்தம் 72 லட்சம் டாங். முழுப் பணத்தையும் இப்போதே ரொக்கமாகக் கொடுத்தால் 65 லட்சம். நம் பணத்துக்குக் கிட்டத்தட்ட 22,000 ரூபாய். கொடுத்துவிட்டோம்.

கொடுக்கும்போதே ஒரு கூத்து. பதின்மூன்று 5 லட்சம் டாங் நோட்டு கொடுத்தேன். அந்தப் பெண் கல்லாப் பக்கம் திரும்பி எண்ணிவிட்டு, ஒரு நோட்டை நீட்டி, "இது 20,000, தவறிக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சிரித்தார். இரண்டும் நீல நிறம், இரண்டிலும் ஹோ சி மின் படம். நானும் மன்னிப்புக் கேட்டு இன்னொரு 5 லட்சம் கொடுத்தேன். ரூமுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்று காலை ஏடிஎம்மில் எடுத்த பதினான்கு 5 லட்சம் நோட்டைத் தவிர என் பர்ஸில் வேறு நோட்டே கிடையாது! சுமார் 1,700 ரூபாய் போய் 68 ரூபாய் கையில். அந்த 20,000 நோட்டின் பின்பக்கம் என்ன படம் தெரியுமா? ஹோய் ஆனின் கூரைப் பாலம். 2024 ஆகஸ்டில் பழுதுபார்த்துத் திறந்த பிறகு, பாலம் ரொம்பப் புதிதாகத் தெரிகிறது என்று அந்த ஊர்க்காரர்களே குறைப்பட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டிரையல் என்றார்கள். பத்துக்குப் போனால் நாலு மணி. நாலுக்குப் போனால் டீ. ஆறு மணிக்கு எங்களுக்கு விமான நிலைய டாக்சி. ஐந்தே காலுக்கு ஒரு பையன் பைக்கில் பாலிதீன் பையைக் கொண்டுவந்து போட்டான். தைத்தது அங்கேயே இல்லை, வேறெங்கோ. தோள் இழுக்கிறது என்று சொன்னால், "இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். சண்டை போட நேரமில்லை. அவர்கள் அதற்குத்தான் நேரத்தை இழுத்திருக்கிறார்கள்.

திருச்சி டைலர் கோட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே விறைப்புக்காக வைத்துத் தைக்கிற கேன்வாஸ் துணி இல்லை, இஸ்திரிச் சூட்டில் ஒட்டுகிற ரகம். அதனால்தான் ஒரு தடவை டிரை கிளீன் போட்டதும் நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. தையல் தூரம் தூரமாக, உள்மடிப்பில் கால் இஞ்சு துணிகூட இல்லை. அப்புறம் என் உடுப்பின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். பட்டாக இருந்தால் முடி கருகின நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது உருகிச் சுருண்டு மிளகு மாதிரி ஒரு கறுப்பு உருண்டையாக நின்றது, பிளாஸ்டிக் நாற்றத்தோடு. முப்பது வருடமாகப் பட்டுப்புடவை வாங்குகிறவள் நான். வெட்கமாக இருந்தது.

இரண்டு கோட்டின் லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். சித்தியும் இல்லை, கிராமமும் இல்லை. அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றுக்கும் நீல டிக் மட்டும் வந்தது.

ஊர் முழுக்க இப்படி என்று நான் சொல்லவே இல்லை. விளக்குப் படகுக்கு டிக்கெட் கவுண்டரில் விலைப்பலகையில் போட்டிருந்ததைத்தான் வாங்கினார்கள். ஹோட்டல்காரப் பெண் எங்களுக்காக 'சாய்', அதாவது சைவம், கிடைக்கிற கடைகளைத் தாளில் எழுதியே கொடுத்தார். தைக்கக் கொடுக்கிறவர்கள் மட்டும் போய்ச் சேர்ந்த முதல் நாளே அளவு கொடுத்துவிடுங்கள், இரண்டு டிரையலுக்காவது நாள் வேண்டும். தெருவில் கூட்டிப்போகிறவர் கமிஷனுக்குத்தான் கூட்டிப்போகிறார், அது உங்கள் பில்லில்தான் ஏறும். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காமல் கையைத் தூக்குங்கள், உட்காருங்கள். துணியில் ஒரு துண்டு வெட்டிப் பில்லோடு பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி, அவர்கள் கண்ணெதிரே மேஜைமேல் வையுங்கள். 5 லட்சம் நோட்டு 20,000 நோட்டைவிட ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் தெரிந்துவிடும்.

புதுக் கோட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று டைலர் கைவிரித்துவிட்டார். பழைய கோட்டைக் கொண்டுபோய், இதையாவது கொஞ்சம் தளர்த்த முடியுமா என்று கேட்டோம். முதுகுத் தையலைப் பிரித்தவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விட்டிருக்கிறார். அறுநூறு ரூபாய் கூலி. இவர் இப்போது அதைத்தான் போடுகிறார்.