கறுப்புத் திரையோடு ஐந்து ஆண்டுகள்

தனி கிராபிக்ஸ் கார்டு பூட்டிய மேசைக் கணினியில் ஐந்து ஆண்டுகளாக லினக்ஸ் வைத்திருக்கிறேன். நிறுவிய நாளே திரை இருண்டது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'இ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் கார்டின் முழுத் திறனைத் தொடாமல் எளிய காட்சியோடு தொடங்கச் சொல்லும் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்த பிறகே உள்ளே நுழைய முடிந்தது. அது அன்றைக்கு மட்டுமான ஊன்றுகோல். அதையே நிரந்தரமாக்கிவிட்டுக் கணினி மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு மாதம் அப்படித்தான் புலம்பினேன்.

பிறகு கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அடுத்த புதுப்பிப்பு வரை குறையில்லை. அது வந்த அன்று கறுப்புத் திரையும் மூலையில் சிமிட்டும் கோடும்தான் மிச்சம். கார்டு செத்துவிட்டது என்றே நம்பினேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் உரை முனையம் உயிரோடு வந்தது. 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளை கார்டைக் காட்டியது, ஆனால் அதை இயக்கும் டிரைவர் பெயர் இருக்க வேண்டிய வரியே இல்லை. டிரைவரின் மாட்யூல், அதாவது கெர்னலுக்குள் ஏற்றப்படும் துண்டு, பழைய கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது, புதியதோடு ஒட்டாது. கிரப்பில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் திரும்பின. அன்றிலிருந்து பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்போது டிரைவரை நான் பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்துதான் எடுக்கிறேன். ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி தொகுக்கும் வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி கவனித்துக்கொள்கிறது. அப்படித் தொகுக்கத் தேவையான கெர்னல் ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் அதுவும் கைவிரித்துவிடும். அதையும் ஒருமுறை பட்டே தெரிந்துகொண்டேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் பாதுகாப்பு ஏற்பாடான செக்யூர் பூட். இம்முறை திரை இருளவில்லை, அதுதான் ஏமாற்றியது. காணொளி ஓடினால் மட்டும் விசிறி அலறும். படம் வரைவது எது என்று காட்டும் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையில் கார்டின் பெயருக்குப் பதில் 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தது. அதாவது படம் முழுவதையும் செயலியே வரைந்துகொண்டிருந்தது. கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்கவில்லை. மாட்யூலில் கையொப்பமிடும் சாவியைப் பதிவு செய்ய, மறுதொடக்கத்தின்போது ஒரு நீலத்திரை சில நொடிகளே காத்திருக்கும். தேநீர் எடுக்கப் போய் இரண்டு முறை தவறவிட்டேன்.

திரைக் காட்சியைக் கையாளும் புதிய அமைப்பான வேலேண்டுக்கு மாறிய பின் காணொளியில் திரை கிழிவது நின்றது. உறக்கத்திலிருந்து எழுப்பும்போது மட்டும் எழுத்துகள் சில நாட்களில் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன. அதனால் இரவில் உறங்கவிடாமல் அணைத்துவிடுகிறேன்.