வேலூருக்கு ஒரு கையடக்க வழிகாட்டிப் புத்தகம்: மூன்று நாள் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பகுதியினர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோட்டு விடுதிகளின் பெயர்ப்பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும். பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காக இரண்டு நாள், மூன்று நாள் காத்திருக்கும் இவர்களுக்கு ஊரைப் பார்க்க நேரம் இருக்கிறது. எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சென்ற தை மாதம் திண்டுக்கல்லிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய சித்தப்பாவும் சித்தியும் அப்படிக் காத்திருந்தவர்கள்தாம். எனக்கு விடுப்பு கிடைக்காததால், பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில் தமிழில் அச்சான வேலூர் வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். 112 பக்கம், 90 ரூபாய், சட்டைப் பையில் அடங்கும் அளவு, நடுவில் மடித்து வைத்த ஒரு வரைபடம். இதே அமைப்பில் வேறு நூல்களும் விற்பனையில் இருப்பதாலும், நான் சொல்லப்போவது அவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்பதாலும், இதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் அந்த வரைபடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் வழி பார்க்கும்போது நாம் நிற்கும் தெருவும் அடுத்துத் திரும்ப வேண்டிய தெருவும் தெளிவாகத் தெரிகின்றன. ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிவதில்லை. சாப்பாட்டு மேசையின் மேல் இந்தத் தாளை விரித்தபோது வடக்கே பாலாறும் அதற்கு அப்பால் காட்பாடியும், கிழக்கே மலைகளும், நடுவில் அகழியோடு கோட்டையும், தெற்கே தொரப்பாடியும் பாகாயமும் ஒரே பார்வையில் கிடைத்தன. "ஏப்பா, ஊரே ஒரு கோட்டுல நிக்குதே" என்றார் சித்தப்பா. காட்பாடி – பாகாயம் நகரப் பேருந்தில் ஏறினால் பார்க்க வேண்டியவற்றில் பாதி வழியிலேயே வந்துவிடும் என்பதை, முப்பது ஆண்டுகளாக இங்கே வாழும் நான் சொல்லாமல், அவராகவே கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அந்த மூன்று நாளும் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை.

நூலின் சிறந்த பகுதி கோட்டையைப் பற்றிய பதினெட்டுப் பக்கங்கள். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகர ஆட்சியின்கீழ் கட்டப்பட்ட இக்கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம், அலுவலகங்கள் எல்லாம் இருப்பதால், புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது என்று திகைப்பது இயல்பு. நூல் கோயிலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அது சரியான முடிவு. கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள கல்யாண மண்டபத்தின் தூண்களைப் பற்றி அது ஒரு பக்கம் முழுக்க எழுதி, காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பத்துக்கு ஒரு கோட்டோவியமும் தந்திருக்கிறது. மறுநாள் நானும் உடன் சென்றேன். ஓவியத்தை ஒப்பிட்டுச் சிற்பத்தைக் கண்டுபிடித்த சித்தி, நூலில் சொன்னபடி உள்ளங்கையால் யானையின் உடலை மறைத்தார், காளை தெரிந்தது. கையை நகர்த்திக் காளையின் உடலை மறைத்தார், யானை தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தின் பிள்ளைகளும் வரிசையாக வந்து செய்து பார்த்தார்கள். நான் அந்த மண்டபத்தை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், அந்தச் சிற்பத்தின் முன் நின்றதில்லை. அதே இடத்தில் நின்று கைப்பேசியில் தேடியபோது நடை திறக்கும் நேரமும், "நல்ல இடம், அமைதியான சூழல்" என்ற வகைக் கருத்துகளும்தான் வந்தன.

1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியையும் நூல் பொறுப்போடு சொல்கிறது. தோலில் செய்த சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணியவும், நெற்றிக்குறியையும் தாடியையும் நீக்கவும் இட்ட ஆணைகள் வீரர்களைக் கொதிக்க வைத்ததையும், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தினர் இக்கோட்டைக்குள்தான் வைக்கப்பட்டிருந்தனர் என்பதையும், ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்துக்குள் அடக்கியதையும் வரிசையாக விளக்கி, மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத் தூணுக்குக் கோட்டை வாசலிலிருந்து நடந்து போகும் வழியையும் குறிக்கிறது. கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமலிருந்து, 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டு வழிபாடு மீண்டும் தொடங்கியது என்ற செய்தியும் இருக்கிறது. இன்றைய தலைமுறைக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

இவ்வளவு நன்றாக எழுதியவர்கள், கோட்டையிலிருந்து பக்கத்துக் கோயில் ஊரான விரிஞ்சிபுரம் வரை சுரங்கப்பாதை உண்டு என்ற வாய்வழிக் கதையையும் அதே பக்கத்தில், அதே தொனியில், வரலாறுபோலவே அச்சிட்டிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. அந்தக் கதையைச் சொல்வதில் தவறில்லை. நான் சிறுவனாக இருந்தபோது கேட்டு மயங்கிய கதைதான் அது. ஆனால் "என்று சொல்வார்கள்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தால், வெளியூரிலிருந்து வருபவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்வார். அச்சில் வந்ததை நம் மக்கள் அப்படியே நம்புகிறார்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கோ இரண்டே வரி. இங்கே சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த அவருடைய சமாதி, பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் இருப்பது நூலிலும் இல்லை, வரைபடத்திலும் இல்லை.

நாள்பட மாறும் செய்திகளில் இந்நூலை நம்பவே கூடாது. நான் வாங்கியது 2018ஆம் ஆண்டுப் பதிப்பு. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகிவிட்டதை அது அறியாது. மக்கன் பேடாவுக்குப் பெயர்போன ஆற்காடும் பிரியாணிக்குப் பெயர்போன ஆம்பூரும் அதில் இன்னும் வேலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. புதிய பேருந்து நிலையம் இடித்துக் கட்டப்பட்டு 2022இல் திறக்கப்பட்டது. நூலில் உள்ள நடைமேடைப் பட்டியல் அதற்கு முந்தையது. அது பரிந்துரைத்த ஒரு மெஸ்ஸைத் தேடிப் போன இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. இவற்றையெல்லாம் காலத்தின் மேல் போட்டுவிடலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைக் குறிப்பிடாததற்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. முழங்கால் வலியோடு வெள்ளிக்கிழமை நடந்துபோன சித்தி பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பக்கங்களைப் பங்கிட்டதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 2007இல் குடமுழுக்கு கண்ட ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குப் பதினான்கு வண்ணப் பக்கங்கள். அங்கே போகிறவர்களுக்குப் பேருந்தும் ஆட்டோவும் அறிவிப்புப் பலகையும் தாராளமாக இருக்கின்றன. புத்தகத்தின் துணை அதிகம் தேவைப்படாத இடம் அது. புத்தகம் இல்லாமல் போனால் பாதியைத் தவறவிடும் விரிஞ்சிபுரத்துக்கு அரைப் பக்கம்தான். "விரிஞ்சிபுரம் மதில் அழகு" என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் சொல்லையும், கார்த்திகை மாதக் கடை ஞாயிறு விழாவையும் குறித்தவர்கள், மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் இருக்கும் நேரம் காட்டும் கல்லைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் வயதில் மூத்தவர்களுக்கும் நோயாளிகளின் துணைக்கு வந்தவர்களுக்கும் இந்த 90 ரூபாயைச் செலவிடச் சொல்வேன். வாங்கும்முன் முதல் பக்கத்தில் பதிப்பாண்டைப் பார்த்துவிடுங்கள், விடுமுறையையும் பேருந்தையும் கைப்பேசியிலோ உள்ளூர்க்காரர்களிடமோ சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை அவர்களை விரிஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போனேன். அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த அந்தக் கல்லின் பள்ளத்தில் சித்தப்பா ஓர் ஈர்க்குச்சியை வைத்தார். நிழல் பத்தைத் தாண்டி விழுந்தது, அவருடைய கைக்கடிகாரத்தில் பத்தே கால். உடனே அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து, நூலின் அந்த அரைப் பக்கத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், கல் எந்தப் பக்கம் இருக்கிறது, குச்சியை எப்படி வைக்க வேண்டும் என்பதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு சிறு படமும் போட்டார். ஊருக்குக் கிளம்பும்போது புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும் என்று.