கடலோர வண்டிகளின் கேரியரும் பம்பரும்: துருவையும் பூச்சையும் பற்றிய நெடுநாள் அனுபவம்

ராமேஸ்வரம் தீவில் நிற்கும் வண்டியின் கூரைக் கேரியருக்கும் பம்பருக்கும் எந்தப் பூச்சு நிலைக்கிறது, எது ஏன் உரிந்துபோகிறது என்பதை, எங்கள் பொலேரோவையும் அதற்கு முன்பிருந்தே வீட்டில் உள்ள பழைய மகிந்திரா ஜீப்பையும் பல ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தில் எழுதுகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான தார்ச்சாலை 2017இல் திறக்கப்படும் வரை, அந்த ஜீப் தனுஷ்கோடி மணலிலும் அலை நனைத்த தடத்திலும் ஓடிய வண்டி. பொலேரோ யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் போய்வருகிறது. இரண்டுமே இரவில் திறந்தவெளியில்தான் நிற்கின்றன.

இந்தப் பகுதியின் காற்றைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் உள்நாட்டில் பத்தாண்டு தாங்கும் பூச்சு இங்கே சில மழைக்காலங்களிலேயே தோற்றுவிடுகிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துரு பற்றிய ஆய்வுக்கென்று மண்டபத்தில் தனி மையம் வைத்திருக்கிறது என்பதே இவ்விடத்தின் தன்மையைக் காட்டும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், மேலே பாலிசிலாக்சேன் என்ற உயர்தரப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் கேரியர் குழாயைத் துணியால் துடைத்தால் துணி நனைந்து வரும்; முந்தைய இரவு ஒரு சொட்டு மழைகூடப் பெய்திருக்காது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காடு அளவிலேயே கரையத் தொடங்கிவிடும். ஆகவே உப்புப் படிந்த இரும்பு இங்கே நடுப்பகல் வெயிலிலும் முழுமையாக உலர்வதில்லை.

கேரியருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் முடித்து வருகிறவர்கள் நனைந்த வேட்டி சேலைகளை மூட்டையாகக் கட்டி மேலே வைத்துவிடுவார்கள். அந்த மூட்டையிலிருந்து கசியும் கடல்நீர் குறுக்குக் குழாய்களின் மேல் பல மணி நேரம் நிற்கும். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டிகளுக்கும் இதே கதைதான்.

பொலேரோவில் முதலில் போட்டது கறுப்புப் பவுடர் கோட்டிங் செய்த, சதுரக் குழாய்க் கேரியர். வாங்கும்போது அதைவிட அழகான பூச்சு எதுவும் இல்லை: வழவழப்பாக, ஒரே நிறத்தில், ஒழுகல் இல்லாமல் இருந்தது. முறையாகச் செய்தால் இது நல்ல பூச்சுதான். பாலியெஸ்டர் பவுடரை மின்னேற்றம் கொடுத்துத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி வரையிலான அடுப்பில் உருக்கி இறுக்குகிறார்கள். பெரும்பாலும் 60 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கனம் கிடைக்கிறது. ஆனால் இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது வெல்டிங் மூலைகளில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. ஒரு மூலையில் நகத்தை வைத்து நெம்பியதும், அவித்த பனங்கிழங்கின் தோலை உரிப்பதுபோல் பூச்சு நீளவாக்கில் கையோடு வந்துவிட்டது. உரிந்த பட்டையின் உட்புறத்தைப் பார்த்தேன்; கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது. இரும்பைச் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கியிருந்தால் அந்தச் சொரசொரப்பின் அச்சு உரிந்த பட்டையிலும் பதிந்திருக்கும். ஆலையில் குழாயின் மேல் உருவாகும் கருநீல ஆக்சைடு ஏட்டைக்கூட எடுக்காமல், எண்ணெயை மட்டும் துடைத்துவிட்டுப் பவுடர் அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பட்டைக்குக் கீழே இரும்பு ஈரமாகவும், நாக்கில் வைத்தால் கரிப்பாகவும் இருந்தது.

இந்த இடத்தில் பவுடர் கோட்டிங்கின் இயல்பான பலவீனங்கள் மூன்றையும் வாங்குகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். கூரான விளிம்பில் எந்தப் பூச்சும் மெலியும். உருகும் பவுடர் விளிம்பிலிருந்து பின்வாங்கிவிடும் என்பதால், கிரைண்டரில் விளிம்பை உருட்டாமல் விட்ட இடங்களில் முதலில் துரு எட்டிப் பார்க்கிறது. அடுத்து, குழாயும் குழாயும் சேரும் உள்மூலைகளுக்குள் மின்புலம் புகாததால் பவுடரும் சரியாகப் போய்ச் சேருவதில்லை. மூன்றாவது, அது பெரும்பாலும் பிரைமர் இல்லாத ஒற்றைப் பூச்சு. ஒரு கீறல் விழுந்துவிட்டால் உப்புநீர் அந்த வழியே அடியில் ஊர்ந்து பரவும், மேலே பார்ப்பவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. துருவின் பருமன் அது தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு என்பதால், பூச்சு தானாகவே தூக்கப்பட்டு விரிந்துகொண்டே போகும். பிளாஸ்டிங்கும் துத்தநாகப் பிரைமரும் கொடுத்து அதற்கு மேல் பவுடர் அடிக்கும் பட்டறை கிடைத்தால், அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். “ஏழு தொட்டி” பாஸ்பேட் சுத்திகரிப்பு (வரிசையாக உள்ள ரசாயனத் தொட்டிகளில் முக்கிச் சுத்தம் செய்வது) மட்டும் செய்த பவுடர் கோட்டிங் மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஓடும் வண்டிக்குப் போதும். கடற்கரைக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேரியரின் குழாய்கள் உள்ளே இன்னும் திடமாக இருந்ததால் அதைக் கழற்றித் திருச்சிப் பக்கம் அனுப்பி, வெள்ளையாகத் தெரியும்வரை பிளாஸ்டிங் செய்து, மூன்றடுக்குப் பூச்சுப் போட்டு வாங்கினோம்; இப்போது அது ஜீப்பின் மேல் இருக்கிறது. அடியில் துத்தநாகம் செறிந்த எப்பாக்சி பிரைமர், நடுவில் கனமான எப்பாக்சி, மேலே வெயிலைத் தாங்கும் பாலியூரிதேன். மூன்றும் சேர்ந்து சுமார் 250 மைக்ரான். எப்பாக்சியை மட்டும் மேலே விட்டால் வெயிலில் சுண்ணாம்புபோல வெளுத்து உதிரும் என்பதால் பாலியூரிதேனைத் தவிர்க்க முடியாது. பிரைமரின் உலர்ந்த படலத்தில் எடையளவில் குறைந்தது 80 விழுக்காடாவது துத்தநாகம் இருந்தால்தான் அது இரும்புக்காகத் தன்னை இழந்து காக்கும். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமரை நம்பிப் பலர் பூசுகிறார்கள். அதிலுள்ள இரும்பு ஆக்சைடு நிறமிக்குத் துருவைத் தடுக்கும் ஆற்றல் தனியாக எதுவும் இல்லை. பூசுவதற்கு முன் விளிம்புகளுக்கும் வெல்டிங்குகளுக்கும் தூரிகையால் ஒரு கூடுதல் பூச்சுக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கியதுதான், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மூலைகள் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கயிறு உராய்ந்த இடங்களில் மட்டும் மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது. அங்கும் துரு பரவவில்லை.

பிளாஸ்டிங் செய்பவர்களிடம் கவனமாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். பிளாஸ்டிங் துருவை எடுக்குமே தவிர, உப்பு முழுவதையும் எடுத்துவிடாது. அதன் மேல் பூசினால், பூச்சின் ஊடாகவே ஈரத்தை இழுத்துச் சில மாதங்களில் கொப்புளம் எழும்பும். எனவே நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, மறுபடியும் லேசாக பிளாஸ்டிங் செய்து, சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் வேளையில் பூசக் கூடாது என்ற பொதுவிதியைத் தீவில் காப்பது கடினம். அதனால்தான் இந்த வேலையை உள்நாட்டில் செய்வது நல்லது.

பொலேரோவில் இப்போது இருப்பது வெல்டிங் எல்லாம் முடிந்தபின் முழுச் சட்டத்தையும் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த கேரியர். பார்வைக்குச் சாம்பல் நிறம், சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இந்தத் தீவுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் காணவில்லை. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகம் இரும்போடு கலந்து உலோகப் படிவமாகவே பிணைகிறது. உள்மூலை, குழாயின் உட்புறம் என்று தூரிகையும் தெளிப்புத் துப்பாக்கியும் எட்டாத எல்லா இடத்துக்கும் அது போகிறது. ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலைப்படி ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்குச் சராசரியாகக் குறைந்தது 55 மைக்ரான் இருக்க வேண்டும். இது போதுமா என்று கேட்பவர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை தெளிவான விடை தருகிறது: ‘சி5’ எனப்படும் கடுமையான சூழலில், வெறும் இரும்பு முதலாண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை அரிக்கப்படும்போது, துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான்தான் இழக்கிறது. கீறல் விழுந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் அந்தக் கீறலைக் காக்கிறது. மூட்டை ஏற்றி இறக்கும் கேரியருக்கு இந்தக் குணம் பொன்னானது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டு முனையும் அடைத்த குழாயைத் தொட்டியில் முக்கினால் உள்ளே சிக்கிய காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் துளை வைத்தே தீர வேண்டும். அந்தத் துளைகள் பின்னாளில் மழைநீர் வடியும் வழியாகவும் உதவுகின்றன. சந்தையில் விற்கும் பெரும்பாலான கேரியர்களில் குழாய் முனைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருக்கிறார்கள். அந்த மூடி தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது. எங்கள் தெருவில் ஒரு வண்டியின் கேரியர் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து அரித்து நடுவில் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம் புதிதாக இருக்கும் முதல் சில மாதங்களில் தார்ப்பாயை ஈரத்தோடு இறுக்கிக் கட்டி வைக்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாவிட்டால் வெள்ளைத் துரு பூக்கும். மேலே நிறம் வேண்டுமென்றால் நேரடியாகப் பெயின்ட் அடிக்காமல், லேசான பிளாஸ்டிங்கும் அதற்கேற்ற பிரைமரும் கொடுத்த பிறகே அடிக்க வேண்டும், இல்லையேல் செதில் செதிலாக உரியும்.

அலுமினியக் கேரியர் இலகுவானது, செந்துரு பிடிக்காது. ஆயினும் அதை எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டால் நேரடியாக இறுக்கினால், உப்புநீரில் இரண்டு உலோகங்களும் மின்கலம்போலச் செயல்பட்டு, போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையே நைலான் வாஷர் வைப்பது கட்டாயம். போல்ட் வாங்கும்போது 304 தர எஃகை விட, மாலிப்டினம் கலந்த 316 தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. 304 போல்ட் தலைகளில் தேநீர்க் கறைபோலப் பழுப்பு நிறம் படிவதை இங்கே எல்லா வண்டியிலும் காணலாம்.

பம்பரைப் பொறுத்தவரை ஒரு விளக்கம். வண்டிக்கு முன்னால் கூடுதலாகப் பொருத்தும் இரும்புக் காவல் கம்பிகளை 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடுத்துவிட்டது. அவை பாதசாரிகளுக்கும் ஏர்பேக் இயக்கத்துக்கும் ஆபத்தானவை என்பதால் அந்தத் தடை சரியே. நான் பேசுவது ஜீப்புடன் வந்த கனமான இரும்புப் பம்பரைப் பற்றி மட்டும். அதன் முன்முகத்தைப் பார்த்து நிலையை மதிப்பிட முடியாது. சட்டத்தோடு அது ஒட்டி இறுகும் பின்பக்கத்தில், இரண்டு தகடுகளுக்கு இடையே உப்புமணல் புகுந்து உட்கார்ந்துவிடும். அங்கே வளரும் துரு தகடுகளையே விலக்கி வளைத்துவிடும். பம்பரைக் கழற்றி, ஒட்டும் பரப்புகள் இரண்டையும் தனித்தனியே பூசி உலரவைத்து, இடையே மெழுகுப் பசையைத் தடவி மறுபடி இறுக்கிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. கல் தெறித்த இடங்களில் சிறு சுரண்டல், துத்தநாகப் பிரைமர், மேற்பூச்சு என்று ஆண்டுக்கொருமுறை செய்தால் போதும். துருவின் மேலேயே துத்தநாக ஸ்ப்ரே அடிப்பதில் பயனில்லை. துத்தநாகம் சுத்தமான இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். பொலேரோவின் பிளாஸ்டிக் பம்பருக்குத் துரு இல்லை, ஆனால் அதற்குப் பின்னால் உள்ள இரும்புத் தாங்கிகளை யாரும் பார்ப்பதில்லை. சர்வீஸுக்கு விடும்போது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேரியரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கூரையின் ஓரத்தில் கிளாம்ப் பிடிக்கும் மழைநீர் வாய்க்கால். கேரியர் போனால் வேறு வாங்கலாம். கூரை ஓரம் அரித்துவிட்டால் டிங்கரிங் வேலைக்குப் போக வேண்டும். கிளாம்புக்கு அடியில் பழைய டியூபை வெட்டி வைப்பது எங்கும் வழக்கம். அது பெயின்டைக் கீறாமல் காக்கிறது என்பது உண்மை, ஆனால் உப்பு ஈரத்தையும் அங்கேயே பிடித்துவைக்கிறது. கிளாம்பு அமரும் இடத்தில் ஒட்டும் பாதுகாப்புப் படலம் ஒன்றை ஒட்டி, அதன் மேல் கெட்டி ரப்பர் வைத்து, கச்சான் காலத்துக்கு முன்னும் வாடைக் காலம் முடிந்ததும் கழற்றிக் கழுவுகிறோம்.

கழுவுவது பற்றிக் கடைசியாக ஒன்று. தீவின் பல இடங்களில் போர்த் தண்ணீரே உவர்ப்பு. அதில் வாட்டர் சர்வீஸ் செய்தால் சேறு போகும், உப்புக் கூடும். குடிநீர் வடிகட்டிக்குப் பயன்படுத்தும், தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து, ஊற்றும் தண்ணீரையும் கேரியரிலிருந்து வடியும் தண்ணீரையும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகும்வரை அலச வேண்டும். நான் வீட்டுக் கூரையில் சேரும் மழைநீரை இதற்கென்று தனியாகச் சேமிக்கிறேன். கோடையில் அது தீர்ந்துவிட்டால், மதுரைப் பயணத்தின்போது அங்கே உள்ள நல்ல தண்ணீர் சர்வீஸ் நிலையத்தில் கேரியரின் அடிப்பக்கத்தையும் துளைகளின் உட்புறத்தையும் பீய்ச்சிக் கழுவச் சொல்கிறேன்.