எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் தங்கத்தின் மாற்றுப் பார்த்த 11 ஆண்டுகள்

கோயம்புத்தூர் செட்டி வீதிக்கு அருகில், நகைகளுக்கு மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஊர் வழக்கில் இதை ‘டச் கடை’ என்பார்கள். என் தந்தை உரைகல்லும் அமிலப் புட்டியும் வைத்துச் செய்த வேலையை நான் 2013-ஆம் ஆண்டு முதல், எக்ஸ்-கதிரைச் செலுத்தி உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தைக் கொண்டு செய்கிறேன். முதல் இயந்திரம் 5 ஆண்டுகள் உழைத்தது. 2018-இல் வாங்கிய இரண்டாவது இயந்திரத்தில் 6 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, திரையில் வரும் எண் சரியாக இருக்குமா என்பதுதான். எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது நகையின் எந்தப் பகுதியைப் பற்றிய எண், எதையெல்லாம் கணக்கில் சேர்க்காத எண் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இந்தப் பகிர்வை எழுதுவதும் அதற்காகவே.

இயந்திரம் செய்யும் வேலை எளிமையானது. உள்ளே இருக்கும் எக்ஸ்-கதிர்க் குழாய், 40 முதல் 50 கிலோவோல்ட் அழுத்தத்தில், ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த அகலமுள்ள கற்றையை நகையின் மீது செலுத்துகிறது. அந்தக் கதிர் அணுவின் உட்கூட்டிலுள்ள எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று அந்த வெற்றிடத்தில் வந்து விழும்போது, அந்தத் தனிமத்திற்கே உரிய ஆற்றலுடன் வேறொரு எக்ஸ்-கதிர் புறப்படுகிறது. ஒவ்வொரு தனிமத்திற்கும் இந்த ஆற்றல் ஓர் ஒழுங்கில் மாறுகிறது என்பதை ஹென்றி மோஸ்லி 1913-இல் கண்டறிந்தார். தங்கத்திற்கு 9.71, 11.44 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், செம்புக்கு 8.05, துத்தநாகத்திற்கு 8.64, வெள்ளிக்கு 22.16. உணர்கருவி அவற்றை வகை பிரித்து எண்ணித் திரையில் மலைத்தொடர் போன்ற ஒரு வரைகோட்டைத் தருகிறது. அதன் முகடுகளைக் கொண்டு கணினி கணக்கிடுவதுதான் 91.6, 75.0 என்று நாம் பார்க்கும், நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்று சொல்லும் எண்கள். நகையை உருக்க வேண்டியதில்லை, சுரண்ட வேண்டியதில்லை. அரை நிமிடத்தில் விடை கிடைத்துவிடுகிறது. உரைகல்லில் கண்ணை மட்டுமே நம்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சல் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

முதல் இயந்திரத்தின் உணர்கருவி, வாயு நிரப்பிய விகிதாசார எண்ணி வகையைச் சேர்ந்தது. விலை குறைவு என்பதால் எங்கள் தொழிலில் அப்போது பலரும் அதைத்தான் வாங்கினார்கள். அறையின் வெப்பநிலை மாறினால் அதன் அளவீடும் நகர்ந்துவிடும். சித்திரை மாதத்தில் மின்வெட்டு வந்து குளிர்சாதனம் நின்றால், காலையில் 91.6 காட்டிய அதே தரக்கட்டி (மாற்று முன்பே உறுதி செய்யப்பட்ட, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தங்கத் துண்டு) பிற்பகலில் 91.9 காட்டும். 100 கிராம் தங்கத்தில் அது 0.3 கிராம், பட்டறை நடத்துபவருக்கு ஒரு நாள் கூலியை விடக் கூடுதலான தொகை. எனவே, சான்றளிக்கப்பட்ட தரக்கட்டியைக் காலையிலும், உச்சிவேளையிலும், மின்வெட்டுக்குப் பிறகும் வைத்துப் பார்த்து நோட்டில் குறிக்கும் வழக்கத்தை அப்போதே ஏற்படுத்திக்கொண்டேன். இன்றும் அந்த நோட்டுதான் என் கடையின் மிக முக்கியமான கருவி.

அந்த இயந்திரத்தின் உண்மையான குறையை எனக்குக் காட்டியவர் செல்வபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவர். 2017-இல், என்னிடம் 91.7 என்று சீட்டு வாங்கிப் போன தங்கத்தோடு மறுநாளே திரும்பி வந்தார். கம்பியச்சில் இழுக்கும்போது கம்பி திரும்பத் திரும்ப அறுந்து போகிறது என்றார். அறுந்த முனையை என் மேசை மீது வைத்து, “தங்கத்துக்குள்ள மண்ணு இருக்குதுங்க தம்பி, அரம் வழுக்குது பாருங்க” என்றார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் முறிவின் நடுவே, ரவையில் கால் பங்கு அளவில், சாம்பல் நிறப் புள்ளிகள் இரண்டு இருந்தன. அரத்தால் தேய்த்தால் சுற்றியுள்ள தங்கம் தேய்ந்தது. புள்ளிகள் மட்டும் மேடாக நின்று மின்னின. இயந்திரத்தில் மறுபடி வைத்தேன். மறுபடியும் 91.7.

முகடுகளை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டும் சிலிக்கான் டிரிஃப்ட் உணர்கருவி கொண்ட இயந்திரம் வைத்திருந்த நண்பரிடம் இருவரும் போனோம். அதே கம்பி, அங்கே தங்கத்தின் முகட்டுக்கு இடப்புறம், 9.18 என்ற இடத்தில் சிறிய மேடு ஒன்று தனியாக எழுந்து நின்றது. அது பிளாட்டினம் இனத்தைச் சேர்ந்த கடினமான உலோகமான இரிடியம். இரிடியம் தங்கத்தில் கரைவதில்லை. மணல் போலக் கலந்து நிற்கும். தங்கத்தின் அடர்த்தி 19.3 என்றால் இரிடியத்தின் அடர்த்தி 22.56, ஆகவே உருக்கிய மூசையின் அடியில் போய்ப் படியும். கட்டியின் மேற்புறத்தில் வைத்துப் பார்த்தால் குறைவாகவும், அடிப்புறத்தில் வைத்துப் பார்த்தால் மிகுதியாகவும் தெரியும். யாரிடமோ பழைய தங்கமாக ஆசாரி வாங்கி உருக்கியதில் அது வந்திருக்கிறது. என் இயந்திரத்தில் ஏன் தெரியவில்லை என்றால், வாயு எண்ணியில் ஒவ்வொரு முகடும் ஏறக்குறைய 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அகலத்திற்குப் பரந்து விரிகிறது. இரிடியத்திற்கும் தங்கத்திற்கும் இடையில் உள்ள தொலைவோ அதில் பாதிதான். இரண்டு மேடுகளும் ஒன்றாகக் குவிந்து, இரிடியமும் தங்கமாகவே எண்ணப்பட்டது. சிலிக்கான் உணர்கருவியில் முகட்டின் அகலம் அதில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுவதால் அவை பிரிந்து தெரிகின்றன.

இதில் என்னை மிகவும் கலங்க வைத்தது வேறொன்று. தங்கத்தின் மாற்றை அறிய உலகம் முழுவதும் இறுதிச் சான்றாகக் கொள்வது உலைச் சோதனையை. சிறு துண்டை வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் சுற்றி, ஏறத்தாழ 1,050 டிகிரி வெப்பத்தில் உருக்கினால், ஈயமும் செம்பும் மற்ற மலிவு உலோகங்களும், துண்டை வைத்திருக்கும் நுண்துளைக் கிண்ணத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். பின்னர் நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைத்துவிடும். எஞ்சுவதை எடை போட்டால் தங்கத்தின் அளவு தெரியும். இரிடியம் கிண்ணத்திலும் போகாது, அமிலத்திலும் கரையாது. கண் பழகியவர் கூர்ந்து கவனித்தால் ஒழிய, அதுவும் தங்கத்தின் எடையோடு சேர்ந்துவிடும். அந்தச் சோதனையை விடப் பல மடங்கு துல்லியம் குறைந்த ஒரு கதிர்க் கருவிதான் இங்கே அதற்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கிறது. ஆசாரிக்கு நேர்ந்த இழப்பை நான் ஈடு செய்தேன். அடுத்த ஆண்டு இயந்திரத்தையும் மாற்றினேன்.

இரண்டாவது இயந்திரத்தில் அளவீடு நகர்வது ஏறக்குறைய நின்றுவிட்டது. நகையின் பகுதிகளை ஒட்ட வைக்கும் பற்றாசில் கலந்திருக்கும் காட்மியத்தையும் வெள்ளியையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் எந்த இயந்திரமானாலும் மாறாத எல்லை ஒன்று உண்டு: தங்கத்தில் இந்தக் கதிர்கள் ஏறத்தாழ 10 மைக்ரான் ஆழத்திலிருந்து மட்டுமே திரும்பி வருகின்றன. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வெள்ளி இருந்தாலும் செம்பு இருந்தாலும் இயந்திரம் அறியாது. கனத்த முலாம் பூசிய வளையல் 91.6 என்றே காட்டும். முலாம் இல்லாவிட்டாலும், அமிலத்தில் இட்டு மெருகேற்றிய நகையின் மேற்பரப்பில் செம்பு கரைந்து போயிருப்பதால், மாற்று உள்ளதை விடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதனால், ஐயம் தோன்றினால் வாடிக்கையாளரின் இசைவோடு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். கூடவே நீரில் எடை போட்டு அடர்த்தியையும் பார்ப்பதுண்டு. 22 காரட் தங்கத்திற்கு அது 17.7-ஐ ஒட்டி வர வேண்டும். அரக்கு அடைத்த நகைக்கும் கல் பதித்த நகைக்கும் இந்த வழி உதவாது. டங்ஸ்டன் உள்வைத்த தங்கக் கட்டி இரண்டு சோதனைகளையும் தாண்டிவிடும், ஏனெனில் டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, அங்கே ஒலி அலைச் சோதனைதான் கை கொடுக்கும்.

விற்பனையாளர்கள் சொல்லாத இன்னொன்று, எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 100 ஆக இருப்பது. அது இயந்திரம் தானாகச் சரிசெய்து தரும் தொகை. காற்றில் வைத்து அளக்கும்போது கார்பன், ஆக்சிஜன் போன்ற லேசான தனிமங்களின் கதிர்கள் உணர்கருவியை வந்தடைவதில்லை. எனவே இனாமலோ அழுக்கோ இருந்தாலும், தெரியும் உலோகங்களை மட்டும் 100-க்குள் பங்கிட்டுக் காட்டிவிடும். நேரத்தையும் குறைக்கக் கூடாது. எண்ணப்படும் கதிர்கள் மிகுந்தால்தான் பிழை குறையும். பிழையைப் பாதியாக்க நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். கடையில் கூட்டம் இருந்தாலும் ஓர் இடத்திற்கு 60 விநாடி, ஒரு நகைக்கு மூன்று இடங்கள் என்ற கணக்கை நான் விடுவதில்லை.

பராமரிப்பில் நான் பட்ட பெரிய அடி, உணர்கருவியின் பெரிலியம் சன்னல். சில மைக்ரான் பருமனே உள்ள தகடு அது. கதிர் கீழிருந்து மேலே பாயும் அமைப்பு என்பதால் விழுவதெல்லாம் அதன் மேல்தான் விழும். 2020-இல் மூக்குத்தித் திருகு ஒன்று பாதுகாப்புப் படலத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்து சன்னலை உடைத்தது. உணர்கருவியையே மாற்ற வேண்டியதாயிற்று. பழுது பார்க்க வந்த நிறுவனம் ஏழு வாரங்கள் இழுத்தடித்தது. அதுவரை வாடிக்கையாளர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். இப்போது வாங்குபவர்களுக்கு, கதிர் மேலிருந்து கீழே பாயும் அமைப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

கதிர் என்றதும் எழும் அச்சத்திற்கும் பதில் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு வந்த தாய் ஒருவர், சோதித்த தாலிக்கொடியை உடனே அணியத் தயங்கி, ஒரு நாள் கழித்துப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். இந்த ஆற்றலில் உள்ள எக்ஸ்-கதிர் எலெக்ட்ரான்களை மட்டுமே அசைக்கிறது, அணுக்கருவைத் தொடுவதில்லை. நகை கதிரியக்கம் பெறாது, அப்போதே அணியலாம். என் இயந்திரத்தில் இருப்பது மின்குழாய் என்பதால், மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் இல்லை. மூடியைத் திறந்தாலும் நின்றுவிடும். அந்த மூடிப் பூட்டை ஏமாற்றி வேலை செய்வது மட்டும் மன்னிக்க முடியாத தவறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற மாதிரிதானா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

2021-இல் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கி, 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி எனும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறியீடு இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்றானபின், டச் கடைகளுக்கு வேலை குறையும் என்றார்கள். என் கடையில் குறையவில்லை. பட்டறைக்காரர்கள் முத்திரைக்கு அனுப்பும் முன்பே மாற்றைச் சரிபார்த்துக்கொள்ள வருகிறார்கள். முத்திரை மையங்களிலும் முதற்கட்டப் பார்வைக்கு இதே வகை இயந்திரம்தான் இருக்கிறது, அதன் பிறகே உலைச் சோதனை.

செல்வபுரம் ஆசாரி இன்றும் வாரம் இருமுறை வருகிறார். சீட்டு அச்சாகும் வரை அவர் காத்திருப்பதில்லை. மேசையைச் சுற்றி வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் தங்க முகட்டின் இடப்பக்கத்தில் விரலை வைத்துப் பார்க்கிறார். அங்கே மேடு எதுவும் இல்லை என்று கண்டபிறகுதான் எண்ணைக் கேட்கிறார்.